தீயும் இரத்தமும் தவிர

என் அண்ணிக்கு மரியாதை தெரியாது என்று யாராவது சொன்னால் அவர்கள் வாயிலேயே ஒன்று போடுவேன். அண்ணிக்குத் தெரிந்ததே அது ஒன்றுதான். அது தெரிந்ததில் பாதியாவது வேறு ஏதாவது தெரிந்திருந்தால் இன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை கத்திக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பான்.

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டேன். எனக்குச் சுற்றி வளைக்க வராது. என் வேலை அப்படி. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுப்பவள் நான். ஒரு நீள மேசை, மூன்று நாற்காலி, ஆளுக்கு ஒரு திரை, காதில் ஹெட்போன். கூப்பிடுகிறவர்கள் பதற்றத்தில் எங்கெங்கோ ஆரம்பிப்பார்கள். "எங்க மாமனாருக்குப் போன வருஷமே டாக்டர் சொன்னாரு..." என்பார்கள். நான் நடுவில் வெட்டுவேன். "அட்ரஸ்! மொதல்ல அட்ரஸ சொல்லுங்க! கதைய அப்புறம் கேக்கலாம்!" அவர்கள் சொல்லும் முகவரியை நாங்கள் உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். காதில் தப்பாக விழுந்து வண்டி வேறு தெருவுக்குப் போய்விடக் கூடாதல்லவா? மெதுவாகப் பேசுகிறவர்களுக்கு அந்த அறையில் வேலை இல்லை. வீட்டுக்கு வந்தாலும் எனக்கு அதே தொண்டைதான். கல்யாணமாகிப் போன இடத்தில் என் வாயை ஒரு வருஷம் தாங்கினார்கள். அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டேன். இரண்டு தரப்புக்கும் நிம்மதி.

அண்ணன் லிப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எவன் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறானோ என்று காலையில் கிளம்பினால் பொழுது சாயத்தான் வருவான். பேசவே காசு கேட்பான். அதனால் வீடு முழுக்க அண்ணியின் ராஜ்ஜியம்.

அண்ணி பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு டீச்சர். பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் 'ப்ளீஸ் டீச்சர்'. ப்ளீஸ் போடாமல் கேட்டால் பென்சில்கூடத் தர மாட்டாள். அந்தப் பெயர் அவள் காதுக்கும் வந்தது. கோபப்படவில்லை, உள்ளுக்குள் பெருமைதான். பொய் சொல்லக் கூடாது, அவள் வகுப்பைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். வருஷ ஆரம்பத்தில் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு வரும் வானரங்கள் நாலே மாதத்தில் வரிசையில் நிற்கும், வாயைப் பொத்தித் தும்மும், கதவைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிடும். பெற்றவர்களே வந்து, "எங்க வீட்டுப் பிள்ளைதானா டீச்சர் இது?" என்று வாயைப் பிளப்பார்கள்.

அந்தப் பழக்கங்களில் அண்ணி தானே யோசித்து உண்டாக்கியது ஒன்று உண்டு. மணிக்கட்டுப் பழக்கம். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பிள்ளைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் குறுக்கே கத்தக் கூடாது. பக்கத்தில் வந்து, பெரியவரின் மணிக்கட்டில் கையை வைத்துக்கொண்டு, வாயை மூடி நிற்க வேண்டும். பெரியவர் தன் இன்னொரு கையை அந்தக் கைமேல் வைப்பார். நீ வந்தது தெரியும், இரு என்று அர்த்தம். பேச்சு முடிந்ததும் கையை எடுப்பார். அப்போது பிள்ளை அங்கே இருக்கிற எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, குறுக்கே பேசுவதற்கு மன்னிப்புக் கேட்டு, அதற்கப்புறம் வந்த விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

இதற்கு இரண்டே இரண்டு விலக்கு. தினமும் காலையில் வகுப்பில் ஒப்பிக்க வைப்பாள்.

"எப்பல்லாம் கத்திக் கூப்பிடலாம்?"

"தீ! ரத்தம்!" என்று மொத்த வகுப்பும் கூரை பறக்கக் கத்தும். பாவம், அதுகளுக்கு நாள் முழுக்கக் கத்தக் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான்.

நான் கேலி பண்ணுவேன். "ஏன் அண்ணி, பாம்பு வந்தா?"

"கடிச்சா ரத்தம் வருமே. அதுல அடங்கிடும்," என்று சிரிப்பாள். "நீங்க கிண்டல் பண்ணாதீங்க ப்ளீஸ். ரெண்டுக்கு மேல சொன்னா குழந்தைங்களுக்கு மனசுல நிக்காது." என்னையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவாள். வீட்டுப் பூனை வந்தாலும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பாள்.

எங்கள் வீட்டுப் பூனை என்றால் அண்ணன் மகள்தான். இரண்டாம் வகுப்பு. நடந்தால் சத்தம் வராது, கதவைத் திறந்தால் சத்தம் வராது. குளியலறையிலிருந்து வெளியே வரும்போது திடீரென்று எதிரில் நின்று, "அத்தை, நீங்க முடிச்சாச்சுன்னா நான் போகலாமா?" என்று கேட்டு என் உயிரை வாங்குவாள். பூனைக்குட்டி என்று நான் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. தம்பியோ நேர் எதிர். இரண்டு வயசுதான், பீரங்கி. எழுந்தால் அலறல், உட்கார்ந்தால் அலறல், சந்தோஷம் வந்தால் ஊரே அதிரும். "இவன் அப்படியே அத்தை," என்று அண்ணன் சொல்வான். எனக்கு அதில் கொள்ளைப் பெருமை. பூனை அவனிடம்கூட, "தம்பி, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா ப்ளீஸ்?" என்றுதான் பேசுவாள். அவன் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் பதில் சொல்வான்.

ஒருநாள் அண்ணி கூடத்தில் பள்ளிக்கூடத்துப் பெரிய மேடத்தோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து பூனை, "அம்மா! பால் பொங்குது!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தது. அண்ணி போனைக் கையால் பொத்தினாள். முகத்தில் கோபமே இல்லை. "வெளிய போயிட்டு மறுபடி வாம்மா," என்றாள். பூனை போய், மெதுவாக நடந்து வந்து, அம்மாவின் மணிக்கட்டில் கை வைத்து நின்றது. அண்ணி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு மேடத்தோடு பேசி முடித்தாள். நான் மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். பால் எல்லாம் தரையில்.

"என்ன அண்ணி இது கூத்து?"

"பால் போனா வாங்கிக்கலாம். பழக்கம் போனா வராது." குனிந்து பூனையிடம் கேட்டாள், "தீயா?"

"இல்லம்மா."

"ரத்தமா?"

"இல்லம்மா."

"அப்ப?"

"இனிமே கத்த மாட்டேம்மா."

அன்றைக்கு வாய் வலிக்கச் சண்டை போட்டேன். அண்ணி ஒரு சொல் எதிர்த்துப் பேசவில்லை. மரியாதை தெரிந்தவர்களோடு சண்டை போடுவது மாதிரி வயிற்றெரிச்சல் வேறு கிடையாது.

பெரிய மேடத்துக்கு அண்ணியின் பழக்கங்கள் ரொம்பப் பிடித்துப்போயின. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஊரில் இன்னும் பல கிளைகள் உண்டு. எல்லாவற்றிலும் இதைக் கொண்டு வந்து அண்ணியையே பொறுப்பாளராகப் போடலாம் என்று பேச்சு எழுந்தது. நிர்வாகத்து ஆள் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டாராம். "டீச்சருக்குப் பயந்து ஸ்கூல்ல செய்யுதுங்க, வீட்டுல செய்யுமா?" அதனால், வீட்டுக்கே வந்து பார்க்கிறோம் என்று ஒரு சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

அண்ணிக்குத் தலை கால் புரியவில்லை. ஜன்னல் கம்பியைக்கூடத் துணி வைத்துத் துடைத்தாள். சனிக்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது மேசைமேல் தட்டில் பிஸ்கட், திராட்சை எல்லாம் அடுக்கியாகிவிட்டது. மீதித் திராட்சை சமையலறையில் ஒரு கிண்ணத்தில் இருந்தது. விருந்தாளிகள் சாப்பிடும் முன் பிள்ளைகள் தொடக் கூடாது, அதுவும் ஒரு பழக்கம். பூனை இஸ்திரி போட்ட கவுனில் நின்றது. பீரங்கி என் பையைப் பிடித்து இழுத்து, "ஆத்த, ஆத்த!" என்று படிக்கட்டு வரைக்கும் அலறினான். அத்தை என்று சொல்ல வராது அவனுக்கு. வாசலைத் தாண்டும்போதெல்லாம் அந்த 'ஆத்த' இன்னும் என் காதில் கேட்கிறது.

அன்றைக்கு மதியம் வரை எங்கள் அறையில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கால் முறிவு, ஒரு மயக்கம், வழக்கமாகக் கூப்பிட்டுத் திட்டுகிற ஒரு குடிகாரர். எனக்கு அடுத்த நாற்காலியில் சீனியர். ரிட்டயர் ஆகப் போகிற மனிதர், அவருக்குத் தொண்டை என்னைவிடப் பெரிது. அவருக்கு ஒரு அழைப்பு வந்தது. உரக்கத் திருப்பிச் சொன்னார்.

"நாலாவது தெரு... தண்ணித் தொட்டிக்கு எதிர் பில்டிங்... ரெண்டாவது மாடி, எடது பக்க வீடு."

நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அது நான் குடியிருக்கும் வீடு என்று என் மூளைக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. வேறு யாருடைய முகவரியாகவோதான் அது காதில் விழுந்தது. அவர் மறுபடியும், "ரெண்டு வயசுக் குழந்தை, மூச்சு வரல, தொண்டையில ஏதோ அடைச்சிருக்கு," என்றபோது அவர் காதிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கினேன்.

"அண்ணி! நான்தான்! குப்புறப் போடுங்க! மடியில, தல கீழ! முதுகுல அடிங்க! தட்டாதீங்க, அடிங்க!"

"சரிங்க," என்றது அண்ணியின் குரல். பின்னால் யாரோ பெண் கத்துவது கேட்டது. சத் சத்தென்று அடி விழுவது கேட்டது. "அடிக்கிறேங்க. வர மாட்டேங்குது."

"இன்னும் ஓங்கி அடிங்க! வண்டி கெளம்பிடுச்சு!"

"நன்றிங்க," என்றாள் அண்ணி.

அப்புறம் சீனியர் சொன்னார். "என்னம்மா சொல்றது? நான் எடுத்ததும் அந்த அம்மா வணக்கம் சொன்னாங்க. தொந்தரவுக்கு மன்னிச்சிடுங்கன்னாங்க. நான் ஏதோ அட்ரஸ் விசாரிக்கக் கூப்பிடுறாங்கன்னு நெனச்சேன்."

வண்டி போய்ச் சேர்ந்தது. சமையலறைக் கிண்ணத்துத் திராட்சைப் பழம் ஒன்று, முழுசாக, தொண்டையிலிருந்து வெளியே வந்தது. பீரங்கி வரவில்லை. போன் பண்ணும் முன்பே முடிந்திருந்தது என்று டாக்டர் சொன்னார். நான் அவரிடமும் கத்தினேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். நல்ல மனிதர்.

அடுத்து வந்த நாட்களைப் பற்றிச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. வீடு நிறைய ஆட்கள். செருப்பு விட இடமில்லை. வந்தவர்கள் எல்லாரும் ஒரு மூச்சு அழுதுவிட்டு, அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பூனையைத் தேடுவார்கள். "பக்கத்துலயே இருந்தியாமே, ஏன்டி கத்தல?" "ஒரு சத்தம் குடுத்திருந்தா காப்பாத்தியிருக்கலாமே, ஊமையா நீ?" மேல் மாடிக்காரி அவள் தோளைப் பிடித்து உலுக்கியே கேட்டாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன், படியிறங்கிப் போகும்வரை திட்டினேன். ஆனால் எத்தனை பேர் வாயை அடைப்பது? அண்ணனே ஒரு தடவை கேட்டுவிட்டான். "ஒரு வார்த்த கத்தியிருக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டுவிட்டு, தானே தாங்காமல் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான்.

பூனை யாருக்கும் பதில் சொல்லவில்லை. சொல்ல வரும். யாராவது ஒருவரின் பக்கத்தில் போய் அவர் மணிக்கட்டில் கையை வைத்துக்கொண்டு நிற்கும். அவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. கட்டிப்பிடித்து அழுவார்கள், இல்லையென்றால் கையை உதறுவார்கள். கைமேல் கை வைத்து எடுக்க ஆளில்லை. அதனால் அவள் வாயைத் திறக்கவில்லை. எனக்கே இது பிற்பாடுதான் புரிந்தது.

அண்ணியின் போனை நான்தான் வைத்திருந்தேன். துக்கம் கேட்கிற அழைப்புகளை அவளால் எடுக்க முடியவில்லை. அதில்தான் அந்த வீடியோவைப் பார்த்தேன். நிர்வாகத்து ஆள் அண்ணியின் போனை வாங்கி எடுத்திருக்கிறார், மற்றக் கிளைகளில் போட்டுக் காட்ட.

கூடம். அண்ணி நாற்காலி நுனியில். எதிரே பெரிய மேடம் திராட்சை சாப்பிடுகிறார். உள் அறையிலிருந்து பூனை வருகிறது. ஓடவில்லை, ஆனால் நடையில் ஓட்டம் இருக்கிறது. அம்மாவின் மணிக்கட்டில் கையை வைக்கிறது.

"இதோ, இதோ! எடுங்க, எடுங்க!" என்கிறார் மேடம். "இதத்தான் சொன்னேன். பாருங்க, ஒரு வார்த்த பேசல பாருங்க."

அண்ணி சிரிக்கிறாள். கையைப் பூனையின் கைமேல் வைக்கிறாள்.

"எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று படம் எடுக்கிறவரின் குரல் கேட்கிறது.

"நாம பேசி முடிக்கிற வரைக்கும்," என்கிறாள் அண்ணி. "நீங்க பேசுங்க சார். வேணும்னே பேசுங்க."

அவர் பேசுகிறார். எந்தக் கிளையில் எத்தனை பிள்ளைகள், எந்தக் கிளையில் கூரை ஒழுகுகிறது, எல்லாம் பேசுகிறார். பூனை உள் அறைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறது. மறுபடி அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. அந்தச் சின்னக் கை மணிக்கட்டை அழுத்துவதுகூடத் தெரிகிறது. அண்ணி அதை மெதுவாகத் தட்டிக் கொடுக்கிறாள்.

"இன்னொரு பையன் இருக்கான்னீங்களே டீச்சர்? சத்தமே காணோம்?"

"அவனும் இப்பதான் கொஞ்சம் கொஞ்சமா பழகுறான் சார்."

மூன்று பேரும் சிரிக்கிறார்கள். அப்புறம் அண்ணி கையை எடுக்கிறாள். "சொல்லும்மா."

"வணக்கம் மேடம். வணக்கம் சார். குறுக்கே பேசுறதுக்கு மன்னிச்சிடுங்க." பூனை மூச்சு விடாமல் சொல்கிறது. மேடம் கை தட்டுகிறார். "அம்மா, தம்பி முழிக்க மாட்டேங்கிறாங்க."

அதோடு படம் ஆடுகிறது, தரை தெரிகிறது. எவ்வளவு நேரம் அந்தப் பிள்ளை நின்றது என்று வீடியோவின் அடியில் எண்ணில் போட்டிருந்தது. நான் அதைச் சொல்ல மாட்டேன். கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் இரண்டாம் தடவை பார்த்தேன்.

இரண்டு வாரம் போனதும் பெரிய மேடமும் நிர்வாகத்து ஆளும் வந்தார்கள். அவர் டை கட்டிக்கொண்டு வந்தார், துக்க வீட்டுக்கு. அதே நாற்காலிகளில் அதே மாதிரி உட்கார்ந்தார்கள். அண்ணன் சுவரோரம் நின்றான். அண்ணி குளித்திருந்தாள், தலை வாரவில்லை. மேடம் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதார். அதுவும் உண்மையான அழுகைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அழுகை முடிந்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"வெளிய என்னென்னமோ பேசுறாங்க டீச்சர். நம்ம பழக்கத்தாலதான் இப்படி ஆச்சுன்னு. பேரண்ட்ஸ் எல்லாம் கேக்குறாங்க. நாம ஒரே மாதிரி பதில் சொல்லணும் இல்லையா?"

"சொல்லுங்க மேடம்," என்றாள் அண்ணி.

டைக்காரர் தொண்டையைச் செருமினார். "குழந்தை பயந்துபோய் லேட்டாதான் வந்து சொல்லிச்சு. அவ்வளவுதான். நடந்ததும் கிட்டத்தட்ட அதுதானே? சின்னப் பொண்ணு, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. அப்புறம்... அந்த வீடியோ இருந்தா, இருக்க வேணாம். உங்களுக்கும் பாக்கப் பாக்கக் கஷ்டம்."

"நீங்க பழையபடி வந்து வகுப்ப எடுங்க," என்றார் மேடம். "பொறுப்பாளர் விஷயமும் அப்படியேதான் இருக்கு."

அண்ணி தலையை ஆட்டினாள். "சரிங்க மேடம்," என்றாள்.

எனக்கு உச்சி முதல் பாதம் வரை பற்றி எரிந்தது. பிள்ளை தலையில் கட்டப் போகிறார்கள்! வாழ்நாள் முழுக்க, தம்பியைக் கொன்றவள் என்று அவள் சுமக்க வேண்டும், இவர்கள் கிளை கிளையாகப் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும்.

"சரிங்களா? என்ன சரிங்க?" என்று கத்தினேன். "எவ லேட்டா வந்தா? உங்க எதிர்லதானே வந்து நின்னா? கூரை ஒழுகுற கதைய அவள நிக்க வெச்சுத்தானே சார் பேசினீங்க? அண்ணா, நீ பேசேன்! நாக்கு இல்லையா உனக்கு?"

"கொஞ்சம் மரியாதையா பேசுங்கம்மா," என்றார் டைக்காரர்.

"மரியாதையா! இந்த வீட்டுல அது நெறைய ஆயிடுச்சு சார், எடுத்துட்டுப் போங்க!"

அப்போதுதான் பூனை அங்கே நிற்பதைப் பார்த்தேன். எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. அம்மாவின் பக்கத்தில், மணிக்கட்டில் கையை வைத்துக்கொண்டு, வாயை மூடி நின்றது.

அண்ணி அந்தக் கையைப் பார்த்தாள். அவளுடைய இன்னொரு கை பழக்கத்தில் தானாக எழுந்தது, பாதியில் நின்றது. "பேசுடி கண்ணு, அத்தை இருக்கேன், பேசு," என்றேன். பூனை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் அண்ணி கையை அதன் கைமேல் வைத்தாள். சூடு பட்டது போல உடனே எடுத்தாள்.

"வணக்கம் மேடம். வணக்கம் சார். குறுக்கே பேசுறதுக்கு மன்னிச்சிடுங்க." பூனை அம்மாவின் பக்கம் திரும்பியது. "அம்மா, நான் நல்லாப் பாத்தேம்மா. தம்பி வாயில பாத்தேன். மூக்குல பாத்தேன். சட்டையத் தூக்கிப் பாத்தேன், முதுகுலயும் பாத்தேன். எங்கயும் ரத்தம் வரல. அதான் கத்தல."

அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தது.

"ரத்தம் வந்திருந்தா கத்தியிருப்பேம்மா," என்றது பூனை. "நான் சரியாத்தானே நின்னேன்?"

மேடம் கைக்குட்டையை எடுத்தார். அண்ணி மகளைப் பார்த்தாள். ஆமாம் என்று சொன்னால் மகன் செத்தது தன்னால் என்று ஆகும். இல்லை என்று சொன்னால் மகளால் என்று ஆகும். ஒரு தாய்க்கு வரக் கூடாத நிலைமை. என் பரம எதிரிக்கும் வேண்டாம்.

"சரியாத்தான் நின்ன," என்றாள் அண்ணி. "நீ உடனே வந்த. நான் சொல்லிக் குடுத்த மாதிரியே நின்ன. அம்மாதான் கைய எடுக்கல." பிறகு மேடத்தைப் பார்த்தாள். "வீடியோ இருக்கும். யார் கேட்டாலும் காட்டுவேன். எழுந்திரிங்க. வெளிய போங்க."

பெரியவர்களை ப்ளீஸ் போடாமல் அவள் அதட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர்கள் போனார்கள். டைக்காரர் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். அதற்கப்புறம் யாரும் எங்கள் வீட்டில் பூனையை ஏன் கத்தவில்லை என்று கேட்கவில்லை. கேட்க வாயெடுப்பவர்களிடம் அண்ணியே, "நான்தான்," என்று சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிடுவாள். வேலையை விட்டுவிட்டாள். பாதி நாள் எழுந்திருப்பதே இல்லை. நான் அவளை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சோறு ஊட்டுகிறேன், தலை வாரிவிடுகிறேன். திட்டுவதில்லை, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் அந்தப் பழக்கத்தை நிறுத்தியிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் நினைத்தேன். போன மாதம் அந்த வழியாக நடந்து போனேன். காலை நேரம், ஜன்னல் திறந்திருந்தது. யாரோ புது டீச்சர் கேட்டாள், "எப்பல்லாம் கத்திக் கூப்பிடலாம்?" பிள்ளைகள் கூரை பறக்கச் சொன்னார்கள். "தீ! ரத்தம்! மூச்சு!" மூன்றாவதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள், எங்கள் பீரங்கியின் நினைவாக. தெருவிலேயே நின்று வாந்தி எடுத்தேன்.

நேற்று சாயங்காலம் பூனையை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்குத் தெரிந்தது ஒரே வித்தை, அதை இவளுக்குக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்று வைராக்கியம். துணிக்கொடிகளுக்கு நடுவில் நிற்க வைத்தேன்.

"இங்க யாரும் இல்ல. கத்து."

"என்னன்னு அத்தை?"

"என்னவேணா கத்து. தொண்ட கிழியக் கத்து. உன் தம்பி கத்துவானே, அது மாதிரி."

பூனை கவுனைச் சரி பண்ணிக்கொண்டது. மூச்சை இழுத்தது, வாயைத் திறந்தது. அப்படியே கைப்பிடிச் சுவர் வழியாகக் கீழே தெருவை எட்டிப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டது. சத்தமில்லாமல் நடந்து வந்து, என் மணிக்கட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றது.

நான் எவ்வளவோ நேரம் பொறுத்துப் பார்த்தேன். அசையவில்லை. வேறு வழியில்லாமல் என் கையை அந்தக் கைமேல் வைத்து எடுத்தேன்.

"சொல்லுடி."

"கீழ ரெண்டு பேர் பேசிட்டிருக்காங்க அத்தை," என்றது மெல்ல. "அவங்க முடிச்சதும் கத்தவா?"

எட்டிப் பார்த்தேன். காய்கறிப் பையோடு இரண்டு ஆண்கள், எதையோ சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முடிக்கிற மாதிரித் தெரியவில்லை.